சுடப்படாத இரட்டைக் குழல் துவக்கு: வயலுக்கா, பெட்டிக்கா?

நெடுங்கேணியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மலையகத்தில் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்த்துக் காலமான அவருடைய பெரியப்பாவின் 12 போர் (குழல் விட்ட அளவு) இரட்டைக் குழல் துவக்கு, கச்சேரி மூலம் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெறப்பட்டு அவருடைய கைக்கு வந்திருக்கிறது. அதனுடன் ஒரு தோற்பெட்டியும் கடதாசித் தோட்டாக்கள் அடங்கிய பழைய பொதியொன்றும் உள்ளன. பெரியப்பா அதில் ஒரு வெடிகூட வைத்ததில்லை என்று பெரியம்மா உறுதியாகச் சொல்கிறார். குழல்களின் அடியில் முடிச் சின்னமும் பேர்மிங்ஹாம் முத்திரையும் ‘2½’, ‘3 டன்’ என்ற எழுத்துகளும் இருக்கின்றன. புதிய தோட்டா தடையின்றி உள்ளே போகிறது. காலபோக வயலில் பன்றிக் காவலுக்கு இதைப் பயன்படுத்தலாமா, அல்லது சுடாமலே பாதுகாக்க வேண்டுமா என்பது அவருடைய கேள்வி.

இந்தத் துவக்கை வயலுக்குக் கொண்டு போகாதீர்கள் என்பதே என் பதில். ஆனால் அதற்குக் காரணம் அது சுடப்படாதது என்பதன்று.

கண்டிப்பாகப் பார்த்தால் உங்கள் துவக்கு சுடப்படாததும் அன்று. பேர்மிங்ஹாமில் 1813 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் குழல் பரிசோதனை நிலையத்தில், வழக்கமான தோட்டாவைவிடக் கூடிய அழுத்தம் தரும் வெடியை இரு குழல்களிலும் வைத்துப் பார்த்து, குழல் வீங்காமலும் பொறி தளராமலும் தாங்கிய பின்னரே அந்த முடி முத்திரையைக் குத்துவார்கள். எனவே நீங்கள் காக்கப்போவது வெடியே காணாத நிலையை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த மேற்பரப்பையும் பொருத்தத்தையும்தான். அமெரிக்காவில் பழைய ஸ்மித் அண்ட் வெசன், கோல்ட் ரிவால்வர்களைச் சேகரிப்போர், தோட்டா உருளையைச் சுற்றி மெல்லிய உராய்வுக் கோடு விழுந்திருக்கிறதா, மூலப் பெட்டியும் தாள்களும் இருக்கின்றனவா என்று பார்த்து விலை பேசுவார்கள். அங்கே ஒரு சில வெடிகள்கூடப் பணத்தைக் குறைக்கலாம். இங்கே இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவருக்குத் துவக்கை விற்கவோ கைமாற்றவோ முடியாது. ஆகவே எதிர்கால விலையை நினைத்துச் சுடாமல் வைத்திருப்பதற்கு நம்மிடையே பெரிய நியாயம் இல்லை.

உண்மையான காரணம் நீங்களே வாசித்து எழுதிய அந்த ‘2½’ என்ற எண்ணில் இருக்கிறது. முத்திரையிலுள்ள ‘3 டன்’ போல, சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்று அழுத்தத்தைக் குறிக்கும் முறை 1954 ஆம் ஆண்டின் பரிசோதனை விதிகளோடு வந்து, 1989 இல் பார் அலகு வந்தபோது நீங்கியது. எனவே உங்கள் துவக்கு அந்த இடைக்காலத்தில் முத்திரை பெற்றது. ‘2½’ என்பது தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலம் என்பதைக் காட்டுகிறது, அதாவது தோட்டாப் பொதிகளில் 65 மி.மீ. என்று அச்சிடப்படும் அளவு. இன்று உலகெங்கும் பெருமளவில் தயாராகும் 12 போர் தோட்டாவோ 70 மி.மீ. அளவுடையது.

‘தடையின்றி உள்ளே போகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. தோட்டாவின் நீளம் என்று பொதியில் போடுவது, சுட்டபின் வாய் முழுவதும் விரிந்த கூட்டின் நீளத்தையே. சுடுமுன் அதன் வாய் நட்சத்திரம்போல் உள்மடிந்திருப்பதால், 70 மி.மீ. தோட்டாவும் கையில் எடுத்து அளந்தால் ஏறத்தாழ 58 மி.மீ. தான் இருக்கும், ஆகையால் அது 65 மி.மீ. அறைக்குள் இலகுவாகப் போகும், துவக்கும் சரியாகப் பூட்டும். வெடிக்கும் கணத்தில் அந்த மடிப்பு விரிய இடம் இல்லாமல், அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்துக்குள் நீண்டு சன்னங்களின் (சிறு குண்டுகளின்) வழியை நெருக்க, அழுத்தம் ஏறிவிடும். உங்கள் துவக்குக்கு விதிக்கப்பட்டது 3 டன். அதே காலத்து 2¾ அங்குலத் துவக்குகளுக்கு 3¼ டன். ஒரு வெடியில் எதுவும் நடக்காமல் போகலாம், பத்திலும் நடக்காமல் போகலாம். ஆனால் குழலுக்குக் கீழே இருப்பது உங்கள் இடது கை. யார் என்ன சொன்னாலும் 70 மி.மீ. தோட்டாவை இதில் போடாதீர்கள். உருக்குச் சன்னம் அடைத்த தோட்டாவையும் போடாதீர்கள்.

65 மி.மீ. ஈயச் சன்னத் தோட்டா முறையான வழியில் கிடைக்குமானால், அனுபவமுள்ள துவக்குத் திருத்துநர் ஒருவர் பார்த்த பின்னர் சுடுவதில் தவறில்லை. சுடுவதற்காகவே செய்யப்பட்ட பொருள் அது. அவர் பார்க்கும்போது நீங்களும் கூட இருங்கள். குழல்களைக் கழற்றி, அடிக் கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் மூட்டால் மெல்லத் தட்டினால் மணிபோல் நின்று ஒலிக்க வேண்டும். சத்தம் மடிந்து ‘தொக்’ என்று கேட்டால் இரு குழல்களையும் இணைக்கும் ஈயப் பற்று எங்கோ விட்டிருக்கிறது. பின்னர் குழலை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நிழல் வளையங்கள் ஒழுங்காக, ஒரே மையத்தில் அமைந்தால் நல்லது. ஓரிடத்தில் வளையம் கோணினால் அங்கே நெளிவு உண்டு, கரும்புள்ளிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது. இவை இரண்டும் சரியாக இருந்தாலும் காவற்கொட்டில் இதற்கு ஏற்ற இடமல்ல. மார்கழிப் பனியிலும் மழையிலும், சேற்றுக் கையோடு எடுத்து வைக்கும் துவக்கு இரண்டு போகத்துக்குள் மேற்பூச்சை இழந்துவிடும். பன்றியை விரட்ட உறுதியான ஒற்றைக் குழல் துவக்கு போதும். அதற்குத் தனியே விண்ணப்பியுங்கள். யானைக்கு எந்தத் துவக்கையும் தூக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். சன்னம் பட்ட யானை சாகாமல் புண்ணோடு அலையும், அடுத்த நாள் அதே வரம்பில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். யானையைச் சத்தத்தால் விரட்டும் யானைவெடிக்கு வனசீவராசிகள் திணைக்களத்தை நாடுங்கள்.

சுடாமல் வைத்தால் வில் இறுகிவிடும் என்று பலர் சொல்வார்கள். அப்படி நடப்பதில்லை. பொறிக்குள் பழைய எண்ணெய் பிசினாக உறைவதும், வில்லை இழுத்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் விடுவதும்தான் கேடு. வெளியே குதிரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியல்) தெரியாத துவக்கானால், குழலை மடக்கித் திறக்கும்போதே உள்ளே இரண்டு குதிரைகளும் ஏறிவிடும். ஆகவே அறைகள் வெறுமையாக உள்ளன என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, போலித் தோட்டாக்கள் இரண்டை இட்டு, பாதுகாப்பான திசையில் பிடித்து விசைகளை இழுத்து வில்களைத் தளர்த்திய பின்னரே வையுங்கள்.

வன்னியில் துவக்கைக் கெடுப்பவை இரண்டு: ஐப்பசி முதல் தை வரையிலான ஈரமும், சோளகக் காலத்து வறட்சியும். ஈரம் இரும்பைத் தின்கிறது, வறட்சி துவக்கின் மரக் கட்டையைச் சுருக்குகிறது. தோற்பெட்டி பார்க்க அழகானது. ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். துவக்கை அதற்குள் நிரந்தரமாக வைக்காமல், பெட்டியைத் தனியே காற்றோட்டமாக வையுங்கள். துவக்கைப் பூட்டிய அலுமாரியில் குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். வாய் மேலே இருந்தால் எண்ணெய் மெல்ல வடிந்து, கட்டையின் தலைப்பகுதியில் ஊறி மரத்தை மிருதுவாக்கிவிடும். பழைய துவக்குகளில் கட்டை கறுத்துப் பிளந்திருப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காறிப் பிசினாகும். துவக்கு எண்ணெயை ஒரு பருத்தித் துணியில் சில துளிகள் விட்டு, மாதம் ஒருமுறையும் யாராவது தொட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும் துடையுங்கள். வியர்வை உப்புப் பட்ட விரலடையாளம் துருவாக மாற அதிக நாள் எடுக்காது.

பொறிப்பெட்டியின் திருகாணிகளைக் கவனித்துப் பாருங்கள். அவற்றின் பிளவுகள் எல்லாம் குழலின் திசைக்கு ஒத்து, ஒரே நேராக நின்று, விளிம்புகள் கூராக இருந்தால் இதுவரை எவரும் திறக்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அந்தப் பிளவுகள் மிக ஒடுங்கியவை; சாதாரணத் திருப்புளியை வைத்தால் ஒரே முறையில் சிதைந்துவிடும், அதன் பின் சுடாத துவக்கு என்று சொல்வதில் என்ன பயன்? நிறம் மங்கிய இடத்தைப் புதுக்கித் தருகிறோம் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்று குழலுக்கு நிறமேற்ற வழக்கத்திலுள்ள கொதிகாரத் தொட்டியில் இரட்டைக் குழலை இறக்கினால், குழல்களைப் பிணைத்திருக்கும் ஈயப் பற்றையே அந்தக் காரம் அரித்துவிடும்.

அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் தவறாமல் புதுப்பியுங்கள். சுடாமல் வைத்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது துவக்குத்தான். அந்தப் பழைய கடதாசித் தோட்டாக்களை மட்டும் எக்காரணம் கொண்டும் சுட்டுப் பார்க்காதீர்கள். ஈரம் குடித்த கூடு வீங்கி அறைக்குள் இறுகலாம், அல்லது வெடிமருந்து பாதி எரிந்து, மருந்துக்கும் சன்னங்களுக்கும் இடையிலுள்ள அடைப்பு குழலுக்குள் நின்றுவிட அடுத்த வெடி குழலைப் பிளக்கலாம். நீங்களே கொண்டு திரியாமல் முதலில் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படையுங்கள். வெறும் பொதியை மட்டும் திருப்பித் தரும்படி கேட்டு வாங்கித் தோற்பெட்டியோடு வையுங்கள்.