கபினித் தண்ணீர் (கடிதமும் பதிலும்)

வணக்கம்.

நான் பாபநாசம் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை. இந்த மே மாதம் மகன், மருமகள், ஆறாம் வகுப்பு போகப்போகும் பேரன் எல்லோருமாகக் கர்நாடகத்தில் இருக்கும் கபினிக்கு நான்கு நாள் சஃபாரி போய்வந்தோம். காலையில் காட்டுக்குள் ஜீப், மாலையில் அணைத் தண்ணீரில் படகு. கூடவே ஒரு வழிகாட்டி. யானைக் கூட்டம், முதலை எல்லாம் பார்த்தோம். புலி மட்டும் வரவில்லை. ஜீப்பில் வந்தவர்கள் நான்கு நாளும் புலியைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. திரும்பும்போது பேரன், "பாட்டி, நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் கிடையாதா?" என்று கேட்டான். "நம்ம ஊர்ல வயல்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அது மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்கு அறுபத்து மூன்று வயது. முத்துப்பேட்டையில் படகு ஏறியதில்லை. கோடியக்கரையில் ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போட்டதோடு சரி.

இப்போது வாட்ஸ்அப்பில் 'டெல்டா சஃபாரி, மூன்று நாள், இரண்டு இரவு' என்று விளம்பரம் வருகிறது. வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை, முத்துப்பேட்டைப் படகு. இதற்கு மூன்று நாள் வேண்டுமா? ஒரே நாளில் கார் எடுத்துப் பார்த்துவிட முடியாதா? வழிகாட்டி அவசியமா? முழங்கால் வலியோடு படகில் ஏறி இறங்க முடியுமா? கபினியைப் பார்த்த கண்ணுக்கு இது சப்பென்று இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது.

ஒரு வாசகி, பாபநாசம்

*

அன்புள்ள டீச்சர்,

கபினி என்ற பெயரை நீங்கள் இந்த மே மாதம்தான் முதலில் கேட்டீர்களா? இருக்க முடியாது. வயநாட்டில் மழை வலுத்ததும் 'கபினி நிரம்பியது, உபரி நீர் திறப்பு' என்று ரேடியோவில் சொன்ன நாட்களெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். காவிரி அணைகளில் பெரும்பாலும் முதலில் நிரம்புவது அதுதான். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் நாற்றங்காலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும்.

நீங்கள் படகில் போன அந்தத் தண்ணீர் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்ந்து, ஒகேனக்கல் இறங்கி, மேட்டூரில் தங்கி, முக்கொம்பு தாண்டிக் கல்லணைக்கு வருகிறது. அங்கே பிரியும் வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. அதில் கோரையாறு போய்ச் சேரும் இடம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஜாம்புவானோடையில் நீங்கள் படகு ஏறினால் அது கோரையாற்றின் மேல்தான் போகும். பேரனிடம் இதைச் சொல்லுங்கள். யானை குடித்த தண்ணீரின் வால் நம்மிடம் இருக்கிறது. கபினியில் பாதியைப் பார்த்தீர்கள். மீதியையும் அவன் பார்க்கட்டும்.

ஒரே நாளில் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அப்படித்தான் போனேன். ஒரு ஏற்பாட்டாளரின் வேன், இருபது பேர், ஆனி மாதக் கடைசி. வடுவூர் ஏரியில் வெடித்த சேறும் கொஞ்சம் மாடுகளும் இருந்தன. கோடியக்கரையில் முக்கால் மணி நேரம். முத்துப்பேட்டைப் படகில் யாரோ ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். கரையோரம் ஒரு நரி நின்றுகொண்டிருந்தது. பாட்டைக் கேட்டதும் காதை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நாங்கள் லகூனுக்குள், அதாவது கடலை ஒட்டிய காயலுக்குள், நுழையும் முன்பே தூரத்தில் இருந்த பறவைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. "நிறுத்துங்கள்" என்று நான் சொல்லவில்லை. அந்த வெட்கம் இன்றும் என்னிடம் இருக்கிறது. பல ஆயிரம் மைல் பறந்து வரும் பறவைக்கு இங்கே ஒரே வேலை, தின்று உடம்பைத் தேற்றிக்கொள்வது. ஒவ்வொரு முறை நாம் கிளப்பிவிடும்போதும் அது தின்ற தீனி காற்றில் போகிறது.

ஆகவே முதலில் மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள். வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் பாசன ஏரிகள். மேட்டூர் திறந்து, ஐப்பசி கார்த்திகை மழையும் பெய்து, ஏரி நிறைந்த பிறகுதான் பறவை. இரண்டுமே 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. கோடியக்கரை அதற்கு இருபது ஆண்டு முன்பே, 2002-இல், முத்துப்பேட்டைக் காட்டையும் சேர்த்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. பொங்கல் கழித்துத் தை மாத நடுவில் போனால் ஏரியில் தண்ணீர் இருக்கும், சதுப்பில் பூநாரை இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும்.

வடுவூருக்கு மாலை நான்கு மணிக்குப் போய் இருட்டும் வரை கரையில் இருங்கள். 128 ஹெக்டேர் ஏரி. அரிவாள் மூக்கன்களும் நீர்க்காகங்களும் வயலிலிருந்து அடைய வருகிற அந்த ஒரு மணி நேரத்துக்காகவே போகலாம். மறுநாள் காலை உதயமார்த்தாண்டபுரத்தில் நத்தைகுத்தி நாரையைக் கிட்டத்தில் பாருங்கள். அதன் அலகு நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும், பாக்குவெட்டி மாதிரி. உங்கள் வீட்டுக்குப் பின்னால் நடவு வயலில் தலைகுனிந்து நடக்கிறதே, அதே பறவைதான். நத்தையைச் சேற்றில் துழாவி எடுத்து, ஓட்டுக்குள் அலகு நுனியை நுழைத்துச் சதையை மட்டும் இழுத்துக்கொள்ளும். 'வயல்தான் இருக்கு' என்று நீங்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை டீச்சர். அந்த வயலில் யார் யார் சாப்பிடுகிறார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்.

கோடியக்கரையில் இரண்டு இரவு தங்குங்கள். விளம்பரத்தில் சொல்லும் மூன்று நாள் எனக்குப் போதாது, நான்கு வேண்டும். 1967-இல் சரணாலயமான இடம் அது. வேதாரண்யத்திலிருந்து போகிற வழியில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த மண். உப்பளம் தாண்டினால் வறண்ட பசுமைமாறாக் காடு, அதில் பாலை மரங்கள். மாலையில் புல்வெளிக்குப் போனால் வெளிமான் நிற்கும். ஆண் மான் கன்னங்கரேலென்று, முறுக்கிய கொம்போடு. பெண்ணும் குட்டியும் வெளிர் பழுப்பு. பேரன் குதிரைகளைப் பார்த்துத் துள்ளுவான். அவை மனிதர்கள் வளர்த்து விட்டவற்றின் வாரிசுகள், மானுக்குரிய புல்லைப் பங்கு போடுகிறவை என்பதையும் சொல்லி வையுங்கள். சீமைக்கருவை அந்தப் புல்வெளிக்குள் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதை அங்கே நின்றால் யாரும் காட்டாமலே தெரியும்.

இரண்டாம் இரவு எதற்கென்றால் விடியற்காலைச் சதுப்புக்காக. வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து அலையலையாகக் கானல் எழும்பி எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆறரை மணிக்குப் பூநாரைகள் முழங்கால் தண்ணீரில் வரிசையாக நிற்கும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் தரையைப் பார்க்க, தண்ணீரை உறிஞ்சி வடிகட்டும். காலால் சேற்றை மிதித்து மிதித்துக் கிளறும். இந்தியாவில் அவை பெருமளவில் முட்டையிடுவது குஜராத்தின் கட்ச் பகுதியில். அவற்றின் காலடியில் பொடிப்பொடியாக ஓடுகிறவை உள்ளான்கள். கொசு உள்ளான் என்று ஒன்று, ஏறக்குறைய 25 கிராம். நம் உள்ளங்கையில் வைத்தால் எடையே தெரியாது. வடதுருவப் பக்கத்துப் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் இப்படிப்பட்ட பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுகிறார்கள். அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்தச் சின்ன வளையங்கள் சொன்னது.

இனி படகு. அதைக் கடைசி நாள் காலைக்கு வையுங்கள். பிற்பகலில் காற்று எழுந்துவிடும். வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும், கடல் சரியில்லை என்றால் விடமாட்டார்கள். ஆற்றின் இரு கரையிலும் முதலில் வெளிச்சமாக இருக்கும், பிறகு மெல்ல மெல்ல அலையாத்தி நெருங்கும். நான் இரண்டாம் முறை போனபோது படகோட்டியவர் அந்தப் பக்கத்து மீனவர், ஐம்பது வயது இருக்கும். வற்றம், கடல் தண்ணீர் இறங்குவது, ஆரம்பித்திருந்தது. ஓரிடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றித் தள்ளினார். சத்தம் நின்றதும்தான் சேறு பேசுவது கேட்டது: நண்டு வளைகளிலிருந்து சொட் சொட் என்று. அவர் ஒரு இலையைப் பறித்து, "நாக்குல வச்சுப் பாருங்க" என்றார். உப்புக் கரித்தது. இலையின் மேல் பொடியாக உப்பு பூத்திருந்தது. வேர் வழியாக உள்ளே வரும் உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது மரம். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சிலை நட்டுவைத்த மாதிரி ஆயிரக்கணக்கில் குச்சிகள் நின்றன. "இது மூக்கு" என்றார். மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது என்பதால் மரம் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது.

அவர் வழிகாட்டி என்று எந்த அட்டையும் மாட்டியிருக்கவில்லை. ஆனால் கடல் நீரேற்றம் எப்போது, வாடைக்காற்று எப்போது விழும், எந்த வாய்க்காலில் மடவை மீன் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் அவர்தான். வழிகாட்டி கட்டாயம் வேண்டும், அவர் அந்த ஊர்க்காரராக இருக்க வேண்டும். முத்துப்பேட்டையில் மீனவர், கோடியக்கரையில் வேட்டைத் தடுப்புக் காவலர், ஏரியில் மடை திறந்து அடைக்கிறவர். ஏற்பாட்டாளர் யாரானாலும் ஊர் ஆட்களை வைத்துக்கொள்கிறாரா, அவர்களுக்கு என்ன கூலி தருகிறார் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு டீச்சர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காடு ஒருமுறை பாதி செத்துப் பிழைத்தது. முன்பு விறகுக்காகத் திட்டுத்திட்டாக மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் வெயில் நேராக விழுந்து சேறு காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் ஏறிய கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறி ஏறி எந்த விதையும் பிழைக்காத களராயிற்று. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டி, நீரேற்றம் உள்ளே வந்து போக வழி செய்தார்கள். மரம் வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் அதையும், கோடியக்கரைக் காட்டையும், நம் தென்னைகளையும் ஒரே மூச்சில் முறித்துப் போட்டது. இப்போது படகில் போனால் பட்ட மரங்களும் துளிர்த்த மரங்களும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையான கவலை வேறு. முத்துப்பேட்டைக் காட்டில் மிகப் பெரும்பகுதி ஒரே இன அலையாத்தி, அதிக உப்பையும் தாங்கக்கூடியது. நல்ல தண்ணீர் குறையக் குறைய, அவ்வளவு உப்பைத் தாங்காத மற்ற இனங்களுக்கு அங்கே இடமில்லாமல் போகிறது. 'தண்ணி வீணா கடல்ல போய் விழுது' என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், நானும் வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். 2007-இல் வந்த காவிரி நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பு மொத்தம் 740 டி.எம்.சி.யில் 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கும், 4 டி.எம்.சி.யைக் கடலுக்குப் போவதற்கும் என்று தனியே ஒதுக்கியது. இவ்வளவு சண்டைக்கு நடுவிலும் அந்த வரி எழுதப்பட்டிருக்கிறது. ஆறு கடலைத் தொடும் இடத்தில்தான் இறால் குஞ்சு வளர்கிறது, மடவை வளர்கிறது, அந்தப் படகோட்டியின் வீட்டில் அடுப்பு எரிகிறது. கபினிக்காரர்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் யானையைக் காட்டுகிறார்கள். நம்மிடம் காட்டுவதற்குத் தண்ணீரே இருக்கிறது, அதன் கடைசி மைல் வரை. சப்பென்று இருக்குமோ என்று பயப்படாதீர்கள். பேரன் புலி கேட்டால் அன்று வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். விரால் அடிப்பான் ஒன்று காலில் மீனோடு போகும். மீன் பிடிக்கும் பருந்து அது. அதே இனம் குளிர்காலத்தில் கபினிக்கும் வரும்.

முழங்காலைப் பற்றி: தண்ணீர் வற்றியிருக்கும்போது படகு கீழே நிற்கும், இறங்குவது சிரமம். நீரேற்ற நேரத்தில் ஏறுகிற மாதிரி படகோட்டியிடம் சொல்லி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், படகின் விளிம்பு மேடைக்குப் பக்கத்தில் வந்துவிடும். மகன் முதலில் இறங்கிக் கை கொடுக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டை எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள், ஆழம் இடுப்பளவுதான் என்று யார் சொன்னாலும். கழிப்பறைக்குக் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள். காட்டுக்குள் நடைபாதை இருந்தாலும் உங்களுக்குப் பலகை வழுக்கும். பேரனை அனுப்பிவிட்டு நீங்கள் படகிலேயே இருங்கள், அங்கிருந்தே எல்லாம் தெரியும். பையனுக்கு ஒரு தொப்பி வாங்கிக்கொள்ளுங்கள். லகூனில் நிழலே கிடையாது.

அன்புடன்.