பிஸ்கட் நமுக்கக் கூடாது, கேக் நொறுங்கக் கூடாது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

டிசம்பர் நெருங்கினாலே, வீட்டில் சுட்ட கேக்கையும் பிஸ்கட்டையும் பரிசாகக் கட்டிக் கொடுப்பதற்கான ரிப்பன், பெட்டி, ஸ்டிக்கர் பற்றிய கேள்விகள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றைப் பிரித்துப் பார்த்தால், ரிப்பன் கேள்விக்குள்ளும் பெரும்பாலும் ஒளிந்திருப்பது ஈரம்தான். அதனால் அழகைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் முதலில் ஈரத்தைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெண்ணெய் பிஸ்கட்டை செலோபேன் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் மொறுமொறுவென்று இருப்பது, வாங்கிப் போனவர்கள் வீட்டில் இரண்டே நாளில் நமுத்துவிடுகிறதாம். மாவுப் பக்குவத்தில் கோளாறா? (நாகர்கோவில்)

மாவில் கோளாறு இருந்தால் உங்கள் வீட்டிலேயே நமுத்திருக்கும். ரிப்பனை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தாளின் மடிப்புகளுக்கு நடுவே காற்று போய்வந்துகொண்டுதான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் கடலோர ஊர்களின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிஸ்கட்டில் இருக்கும் சர்க்கரையும் மாவும் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

முதலில் ஆற விடுங்கள். கையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைக்குச் சூடு பழகிவிட்டிருக்கும். ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன் அடிப்பாகத்தைக் கன்னத்தில் வையுங்கள். லேசான கதகதப்பு தெரிந்தாலும் இன்னும் பொறுக்க வேண்டும். அந்தக் கதகதப்புதான் கவருக்குள் ஆவியாகி, இரவோடு இரவாகத் தண்ணீராக மாறுகிறது. தட்டில் பரப்பினால் அடியில் வேர்க்கும். கம்பி வலைத் தட்டில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் சரியாக ஆறிவிடும். அதற்காக இரவு முழுக்கத் திறந்து வைத்துவிடவும் கூடாது. ஆறியதும் உடனே அடைக்க வேண்டும்.

அடுத்தது ஒட்டுவது. கசக்கினால் சரசரவென்று சத்தம் வரும் பிபி (பாலிபுரோப்பிலீன்) கவர் வாங்குங்கள். சீலிங் மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் கடலை மிட்டாய் பொட்டலம் போடும் பழைய வழி இருக்கவே இருக்கிறது: மெழுகுவர்த்தியும் ஒரு ஆக்ஸா பிளேடும். கவரின் வாயைப் பிளேடின் மேல் மடித்து, ஓரம் இரண்டு மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி பிடித்து, அந்த ஓரத்தைச் சுடரின் பக்கவாட்டில் ஒரே வேகத்தில் இழுத்துச் செல்லுங்கள். நின்று நிதானித்தால் கருகும், அவசரப்பட்டால் ஒட்டாது. நாலு வெறும் கவரில் பழகிவிட்டு அப்புறம் பிஸ்கட் கவருக்கு வாருங்கள். ஒட்டிய கவரை லேசாக அமுக்கிப் பாருங்கள். பலூன் போலக் காற்று நின்றால் சரி. அதன் மேல் எந்த ரிப்பனை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளுங்கள்.

கால் கிலோவை ஒரே கவரில் போடுவதைவிட ஆறு ஆறு பிஸ்கட்டாகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் போடுவது உத்தமம். ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டாலும் மற்றவை தப்பிக்கும். நமுத்துப்போனவற்றை 150 டிகிரி சூட்டில் ஐந்தாறு நிமிடம் வைத்து எடுத்து ஆற விட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி உள்ளே வைத்துக் கொடுப்பதும் நல்ல யோசனைதான்.

சிலிகா ஜெல் பொட்டலம் போடலாமா?

உணவுக்கென்றே தயாரித்த பொட்டலமாக இருந்தால் போடலாம். செருப்புப் பெட்டியிலும் கைப்பையிலும் வந்ததைச் சேர்த்து வைத்துப் போடுவது வேண்டவே வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் போடாமலே இருங்கள். நன்றாக ஒட்டிய கவருக்கு அது தேவையும் இல்லை.

பிளம் கேக்கை அலுமினியம் ஃபாயிலில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்தபோது ஃபாயிலில் பொடிப்பொடியாக ஓட்டைகள், கேக்கின் மேல் சாம்பல் நிறப் புள்ளிகள். கெட்டுவிட்டதா? (திருச்சி)

கேக் கெடவில்லை, ஃபாயில்தான் அரித்திருக்கிறது. ஊறிய திராட்சை, ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைச் சாறு எல்லாம் புளிப்பு. அந்தப் புளிப்பு நாள்கணக்கில் அலுமினியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அதை அரித்துவிடும். அந்த இடங்களை மட்டும் சீவி எடுத்துவிட்டு வீட்டில் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். பரிசாகக் கொடுக்க வேண்டாம்.

பட்டர் பேப்பர் உள்ளே, ஃபாயில் வெளியே என்பதுதான் முறை. பட்டர் பேப்பரை இரண்டு சுற்றாகச் சுற்றி, ஓரங்களை உள்ளே மடித்து, அதன் மேல் ஃபாயிலை இறுக்கிச் சுற்றி, பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ரம்மில் ஊறிய கேக் இப்படி வாரக்கணக்கில் தாங்கும். வைக்க வைக்க ருசியும் கூடும். ரம்முக்குப் பதில் ஆரஞ்சுச் சாறு சேர்த்ததற்கு அந்தத் தாக்குப்பிடிக்கும் சக்தி கிடையாது. அதைக் கொடுப்பதற்கு ஓரிரு நாள் முன்பு செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் சாப்பிடச் சொல்லிக் கொடுங்கள். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால் பெட்டியில் எழுதிவிடுவது நல்லது.

துண்டு போட்டுக் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முழுசாகவே கொடுங்கள். வெட்டிய பக்கமெல்லாம் காயும்.

ஒரே பெட்டியில் கேக், பிஸ்கட், கொஞ்சம் முறுக்கு என்று கலந்து வைத்துக் கொடுக்க ஆசை. (மதுரை)

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒட்டிய பொட்டலமாக இருக்க வேண்டும். கேக்கில் ஈரம் அதிகம், பிஸ்கட்டிலும் முறுக்கிலும் குறைவு. மூடிய பெட்டிக்குள் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குப் போய்ச் சேரும். மறுநாள் கேக் வறண்டிருக்கும், பிஸ்கட் நமுத்திருக்கும்; இரண்டு பக்கமும் நஷ்டம். வாடை இன்னொரு தொல்லை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை வெண்ணெய் வாங்கிக்கொள்ளும். பூண்டு முறுக்கின் பக்கத்தில் வெனிலா கேக்கை வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்குக் கூரியரில் அனுப்ப எது சரிப்படும்? எப்படிக் கட்ட வேண்டும்?

எதை அனுப்பக் கூடாது என்பதிலிருந்து தொடங்குகிறேன். க்ரீம் வைத்த கேக், கப்கேக், மெல்லிசான பிஸ்கட், நடுவில் ஜாம் வைத்தது, எதுவும் வேண்டாம். பிரவுனி, பிளம் கேக், அச்சில் சுட்ட வெண்ணெய் கேக், கெட்டியான ஓட்ஸ் பிஸ்கட், நான்கட்டாய் இவையெல்லாம் தாங்கும். நான்கட்டாய் கொஞ்சம் உதிரும், ஆனால் உதிர்ந்ததையும் யாரும் விட்டுவைப்பதில்லை. சாக்லெட் பூசியதை ஏப்ரல், மே மாதங்களில் நினைக்கவே வேண்டாம். கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். வெயிலில் நிற்கும் வேனுக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும்.

பிஸ்கட்டைப் படுக்கையாக அடுக்கினால் அடியில் இருப்பது மேலே இருப்பதன் பாரத்தில் உடையும். இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்து, ஓர் உருளை போலப் பட்டர் பேப்பரில் சுருட்டி, நிற்க வைத்து அடுக்குங்கள். பிரவுனியைத் துண்டு போடாமல் முழுப் பாளமாகவே சுற்றி அனுப்புங்கள்; ஓரம் காயாது. வாங்குபவர் வெட்டிக்கொள்ளட்டும்.

பிறகு பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே எல்லாப் பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, கசக்கிய பேப்பரையோ பபிள் ரேப்பையோ திணியுங்கள். அடியிலும் திணிக்க வேண்டும். பலர் மறப்பது அந்த அடிப்பக்கத்தைத்தான். டேப் ஒட்டும் முன் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது நகர்கிற சத்தம் கேட்டால் திறந்து இன்னும் திணியுங்கள். ‘உடையக்கூடியது’ என்று எழுதுவதில் தப்பில்லை, ஆனால் அதை நம்பிப் பெட்டி கட்டாதீர்கள். இடுப்பு உயரத்திலிருந்து ஒருமுறை கீழே விழும் என்றே வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

திங்கள் அல்லது செவ்வாயில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும்.

அச்சடித்த நியூஸ்பேப்பரில் சுற்றி, சணல் கயிறு கட்டினால் பழைய காலத்து அழகாக இருக்கிறது. செய்யலாமா?

வெளிச் சுற்றாக மட்டும் செய்யலாம். அச்சு மை உணவில் படக் கூடாது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியிடல் விதிமுறைகள் செய்தித்தாளில் உணவைப் பொட்டலம் போடுவதையே தடை செய்கின்றன. வெண்ணெய்ப் பண்டம் என்றால் மை இன்னும் சீக்கிரம் ஊறும். அப்படியே இன்னொன்று: ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள். கவரைக் கிழித்துப் பிரிக்கும்போது அது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது.

பெட்டி விலை கேக் விலையைத் தொடுகிறது. செலவு குறைய வழி உண்டா? (சென்னை)

பத்து இருபது என்று ஃபேன்சி கடையில் வாங்குவதால்தான் அந்த விலை. நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பாரிமுனை பக்கம் ஆண்டர்சன் தெருவுக்கு ஒருநாள் போய்வாருங்கள். தாள், அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று தெரு முழுக்க அதுதான். எளிய கிராஃப்ட் அட்டைப்பெட்டி வாங்கி, மீந்த பட்டுத் துணியையோ கோலம் வரைந்த தாளையோ குறுக்கே ஒரு பட்டையாகச் சுற்றினால் போதும். ஜன்னல் வைத்த பளபளப் பெட்டியைவிட எனக்கு இதுதான் பிடிக்கும்.

பெட்டியே பரிசாக இருந்தால் செலவு வீண் இல்லை. சின்ன எவர்சில்வர் டப்பாவில் பிஸ்கட் போட்டுக் கொடுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் அதைவிட நல்ல பேக்கிங் இல்லை. தீர்ந்த பிறகும் அந்த வீட்டு அடுக்களையில் சீரகத்துக்கோ காபித்தூளுக்கோ ஆகும். ஓலையில் விருப்பம் உள்ளவர்களுக்குப் புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் என்ற ஓலைக் கூடை இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டம் மணப்பாட்டில் முடையும் பனை ஓலைப் பெட்டிகள் இருக்கின்றன. கருப்பட்டி வாங்கியவர்களுக்கு ஓலைப் பெட்டியின் அருமை தெரியும். ஆனால் ஓலைக்கு இடைவெளி உண்டு, காற்று புகும். அதனால் உள்ளே ஒட்டிய பொட்டலம், வெளியே கொட்டான்.

பழைய ஊறுகாய் பாட்டிலை மட்டும் வேண்டாம் என்பேன். கண்ணாடியில் வாடை போய்விடும், மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரில் போகாது. புது மூடி கிடைத்தால் பயன்படுத்தலாம்.

கையில் தூக்கிப் போக மஞ்சப்பை. துணி போலவே இருக்கும் நான்-ஓவன் பிளாஸ்டிக் பையும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. பலர் அதைத் துணிப்பை என்றே நினைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சொந்தத்தில் பாதிப் பேர் முட்டை சாப்பிட மாட்டார்கள். இரண்டு வகையும் செய்கிறேன். எப்படிப் பிரித்துக் காட்டுவது? (கும்பகோணம்)

ரிப்பன் நிறத்தை வைத்துக் காட்டினால் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டி கைமாறியதும் யாருக்கும் நினைவிருக்காது. ‘முட்டை இல்லை’, ‘முட்டை உண்டு’ என்று மூடியில் அல்ல, பெட்டியின் பக்கவாட்டில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். கடைப் பொட்டலங்களில் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். முட்டை சேர்த்ததும் அந்த விதிப்படி அசைவக் குறிதான். அதே குறிகளை நீங்களும் வரைந்துவிட்டால் தாத்தா பாட்டிக்குக்கூடப் புரியும்.

முட்டை இல்லாததை முதல் நாள் சுட்டு, ஒட்டி, பெட்டியில் போட்டு மூடிவிட்டு, முட்டை வேலையை மறுநாள் ஆரம்பியுங்கள். மார்ஷ்மெல்லோ வைத்து அலங்கரித்தால் முட்டை இல்லாவிட்டாலும் அது சைவம் ஆகாது. பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. லேபிளில் முந்திரி, பாதாம், வேர்க்கடலை, ரம், செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும் என்பது இருந்தால் போதும். ‘அன்புடன்’ என்பதைப் பொடி எழுத்தில் போட்டு, ‘வேர்க்கடலை உண்டு’ என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் நன்றாக வருகிறது. பரிசாகக் கொடுக்க முயன்றால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறது.

முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. அதில் வேறு என்ன இருக்கிறது? இவ்வளவு சர்க்கரை வெறும் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். அடுப்பை அணைத்த பிறகும் அடுப்புக்குள்ளேயே விட்டு ஆற வையுங்கள். ஆறியதும் வெளியே எடுத்த கையோடு டப்பாவில் போட்டு மூடுங்கள். மழை பெய்கிற அன்று மக்ரூன் செய்யவே செய்யாதீர்கள். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், வெளியே எடுத்ததும் வேர்த்துவிடும்.

க்ரீம் கேக்கைக் காரில் கொண்டுபோகும்போது ஒரு பக்கமாகச் சரிந்துவிடுகிறது.

சீட்டில் வைக்காதீர்கள், சீட் பின்பக்கமாகச் சரிந்துதான் இருக்கும். காலடியில் சமதளத்தில், வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். கேக் போர்டில் ஒரு கரண்டி க்ரீம் தடவி அதன் மேல் கேக்கை உட்கார வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஃபிரெஷ் க்ரீம் என்றால் ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு மணி நேரம்தான் கணக்கு. 32 டிகிரியைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்.

பெட்டி மேல், கேக் மேல் பூ வைத்துக் கொடுத்தால் நன்றாக இருக்குமே? (சேலம்)

பெட்டிக்கு வெளியே எந்தப் பூவையும் கட்டுங்கள். கேக்கின் மேல் என்றால் யோசிக்க வேண்டும். அரளி கூடவே கூடாது. பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். பூக்கடையில் கதம்பம் வாங்கினால் அதில் அரளி கலந்திருக்கும், கவனியுங்கள். கடை ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள். வீட்டுத் தொட்டியில் மருந்து அடிக்காமல் பூத்த பன்னீர் ரோஜாவின் இதழ் என்றால் சரி, கழுவி நிழலில் உலர்த்திவிட்டு வைக்கலாம். மல்லியும் சம்பங்கியும் விஷம் இல்லைதான், ஆனால் மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் இருந்தால் கேக் முழுக்க அந்த வாசனை ஏறி, அர்ச்சனைத் தட்டிலிருந்து எடுத்தது போல இருக்கும்.

ஜிகினாவும் அப்படித்தான். ‘நான் டாக்சிக்’ என்று டப்பாவில் போட்டிருந்தால் விஷம் இல்லை என்று மட்டுமே பொருள், சாப்பிடலாம் என்று பொருள் இல்லை. ‘உண்ணத் தகுந்தது’ என்று எழுதி, அதில் சேர்ந்த பொருள்களின் பட்டியலும் இருந்தால் மட்டும் கேக் மேல் தூவுங்கள். மற்றதெல்லாம் வாழ்த்து அட்டைக்கு.