பத்து நாள் கன்றுக்குக் கழிச்சல்: பாலை நிறுத்தலாமா?

பாலை நிறுத்த வேண்டாம். கழிச்சல் நிற்கட்டும் என்று ஒரு நாள் பட்டினி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கன்று சோர்ந்து படுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். கழிச்சலில் கன்றைக் கொல்வது பெரும்பாலும் உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான்.

வழக்கமான பாலையே கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று நான்கு தடவையாகக் கொடுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். பாலோடு கலக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

வாளியில் கறந்து ஆறிய பாலைக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். என் சந்தேகம் அந்த வாளி மேல்தான். வெந்நீரில் கழுவி வெயிலில் காய வையுங்கள். படுக்கும் இடம் ஈரமாக இருந்தால், வாளியை மட்டும் கழுவிப் பயனில்லை.

இப்போதே ஒன்று பாருங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். இரண்டு விநாடிக்குள் படிய வேண்டும். அப்புறம் வாயில் விரலை விட்டால் சூடு தெரியணும், கன்று சப்பணும்.

தோல் மடிந்தே நின்றாலோ, வாய் சில்லிட்டிருந்தாலோ, கன்று சப்பாவிட்டாலோ எதையும் வாயில் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். கால்நடை மருத்துவர் ரத்தக்குழாய் வழியாகத்தான் திரவம் ஏற்ற வேண்டும். சாணத்தில் ரத்தம் தெரிந்தாலும் மருத்துவரைக் கூப்பிடுங்கள்; தமிழ்நாடு என்றால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962க்கு அழையுங்கள். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள்; இந்த வயதுக் கழிச்சல் பல நேரம் வைரஸால் வருவது, அதற்கு அது கேட்காது.