எந்தக் கார்டில் சிப் இருக்கிறது? டெல்டா வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை ரேஷன் கார்டு, வங்கி கார்டு பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். நடுவே ஒரு சிங்கப்பூர் பஸ் கார்டும் ஒரு பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தன.

ரேஷன் கார்டை ஸ்மார்ட் கார்டு என்கிறார்கள். ஏடிஎம் கார்டில் தெரிகிற மஞ்சள் சிப் இதில் இல்லையே, உள்ளே புதைந்திருக்கிறதா? (வாசகி, பாபநாசம்)

புதைந்தெல்லாம் இல்லை, சிப்பே கிடையாது. தமிழ்நாட்டில் 2017 ஏப்ரல் முதல் கொடுத்துவரும் இந்த அட்டையில் இருப்பது கியூஆர் கோடு. கடையில் ஸ்கேன் செய்ததும் நீங்கள் எந்தக் குடும்பம் என்பது மட்டும் மிஷினுக்குத் தெரியும். எத்தனை கிலோ அரிசி, இந்த மாதச் சர்க்கரை வாங்கியாயிற்றா என்ற கணக்கெல்லாம் அரசின் சர்வரில் இருக்கிறது. அதனால்தான் அடைமழையில் சிக்னல் போனால், கையில் கார்டு இருந்தும் காத்து நிற்கிறீர்கள். ஒரு நல்லதும் உண்டு. கார்டு தொலைந்தாலும் உங்கள் பங்கு தொலையாது, நகல் அட்டைக்கு விண்ணப்பித்தால் போதும்.

அசல் ஸ்மார்ட் கார்டு என்பது, 0.76 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிக் கணினி. செயலி, நினைவகம் எல்லாம் அந்தச் சிப்பிலேயே இருக்கும். உங்கள் போனில் கிடக்கும் சிம்மும் அந்த ஜாதிதான். எந்தக் கார்டைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: ரகசியம் கார்டுக்குள் இருக்கிறதா, எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறதா?

குறுவைக்குப் பயிர்க்கடன் வாங்கியபோது கூட்டுறவு வங்கியில் ரூபே கார்டு கொடுத்தார்கள். பழைய கார்டில் பின்பக்கம் கறுப்புப் பட்டை மட்டும்தான் இருந்தது. இதில் சிப்பும் இருக்கிறது. என்ன வித்தியாசம்? (விவசாயி, மன்னார்குடி)

பெரிய வித்தியாசம். கறுப்புப் பட்டையில் உங்கள் கார்டு விவரம் காந்தப் பதிவாகக் கிடக்கிறது. யார் தேய்த்தாலும் அதே விவரத்தை அப்படியே கொடுத்துவிடும். ஏடிஎம் வாயில் ஒரு போலிக் கருவியைப் பொருத்தி, அதை நகலெடுத்து, வேறு கார்டில் ஏற்றிப் பணம் எடுத்தார்கள். பட்டைக்கு அசல் எது, நகல் எது என்று தெரியாது.

சிப்புக்குள் ஒரு ரகசியச் சாவி, அதாவது ஒரு நீளமான ரகசிய எண், இருக்கிறது. அது வெளியே வருவதே இல்லை. தொகை, தேதி, ஒவ்வொரு முறையும் மாறுகிற ஓர் எண் ஆகியவற்றை மிஷின் சிப்பிடம் கொடுக்கும். சிப் அவற்றைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் வெளியே அனுப்பும். வங்கியும் தன் பக்கம் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் பணம் நகரும். இன்றைய விடையை ஒருவன் திருடினாலும் நாளைக்கு அது செல்லாது. இந்த யோசனை பழசுதான். பிரான்ஸில் ரோலான் மொரெனோ 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், எண்பதுகளில் அங்கே தொலைபேசிக் கூண்டுகளுக்கே சிப் கார்டு வந்துவிட்டது. நம் நாட்டில் பழைய பட்டை கார்டுகளை மாற்ற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2018 டிசம்பர் 31.

அப்புறம், சிப் காப்பாற்றாத இடமும் உண்டு. இணையத்தில் வாங்கும்போது கார்டு எண், காலாவதித் தேதி, பின்பக்க மூன்று இலக்கம், ஓடிபி இவை போதும். சிப்புக்கு அங்கே வேலையே இல்லை. ஏமாற்றுகிறவன் சிப்பை உடைக்க ஏன் மெனக்கெட வேண்டும்? 'பேங்க்கிலிருந்து பேசுறோம் சார்' என்று உங்களிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறான். உரக்கடையில் கார்டை நீட்டிவிட்டு, பின் நம்பரையும் கடைப்பையனிடம் சத்தமாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நீங்களே அழுத்துங்கள்.

உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும், இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் சொல்லுங்கள். தவறு உங்கள் மேல் இல்லாமல், குறுஞ்செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட்டால் நஷ்டம் உங்களுடையது அல்ல என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. பின் நம்பரை நீங்களே கொடுத்திருந்தால் கதை வேறு.

கார்டைத் தொட்டாலே பணம் போகிறதாமே. கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் ஒருவன் மிஷினைப் பாக்கெட்டில் உரசினால்? (வாசகர், கும்பகோணம்)

பயம் நியாயம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. அந்தக் கார்டில் பேட்டரி கிடையாது. உள்ளே ஓடும் கம்பிச்சுருள், மிஷினின் காந்தப்புலத்திலிருந்து மின்சாரம் வாங்கிச் சிப்பை எழுப்புகிறது. அதற்குச் சில சென்டிமீட்டர் நெருக்கம் வேண்டும். பின் நம்பர் கேட்காமல் ஒரு முறைக்கு 5,000 ரூபாய் வரைதான் போகும் (2021 ஜனவரி வரை அது 2,000). போகிற பணமும் வங்கியில் பதிவான வியாபாரியின் கணக்குக்குத்தான் போகும் என்பதால் திருடனின் முகவரியும் கூடவே கிடைக்கும். இந்த வசதி வேண்டாமென்றால் வங்கியின் ஆப்பில் அணைத்துவிடலாம். மிஷினின் அலையைத் தடுக்கும் என்று விற்கிற அலுமினிய உறைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

கல்லூரி ஐடி கார்டைக் காட்டினால் வருகைப்பதிவு ஆகிறது. அதுவும் வங்கி கார்டு அளவுக்குப் பாதுகாப்பானதா? (மாணவர், தஞ்சாவூர்)

பெரும்பாலும் இல்லை. இப்படிப்பட்ட பல கார்டுகள் ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். கொஞ்சம் மேலான மைஃபேர் கிளாசிக் வகையின் பூட்டையே நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2008இல் உடைத்துக் காட்டிவிட்டார்கள். வகுப்புக்கு வராத நண்பனுக்கு 'பிராக்ஸி' போடுவதற்காக இதைக் கேட்கவில்லை என்று நம்புகிறேன்.

சிப் கார்டை லேமினேஷன் செய்யலாமா? (வாசகி, திருவையாறு)

வேண்டாம். மஞ்சள் தகடு மூடிப்போனால் மிஷின் அதைத் தொட முடியாது, சூட்டில் கார்டும் வளையும். தண்ணீர் பட்டால் துடைத்துக் காயவைத்தால் போதும். வளைப்பதுதான் ஆபத்து, பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள்.

சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஈசி-லிங்க் பஸ் கார்டில் இன்னும் காசு இருக்கிறது. இங்கே பயன்படுமா? (வாசகர், கூத்தாநல்லூர்)

பயன்படாது. அலைவரிசை ஒன்றாக இருந்தாலும், கார்டும் மிஷினும் ஒரே சாவிக் குடும்பமாக இருக்க வேண்டும். அதை அடுத்த முறை போகிற உறவினரிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்தியாவில் அதற்கு இணை, 2019இல் வந்த தேசியப் பொதுப் போக்குவரத்து அட்டை. சென்னை மெட்ரோவில் செல்லும். அதில் எனக்குப் பிடித்தது, ஒரு சிறு தொகை சிப்புக்குள்ளேயே இருப்பதுதான். இணைப்பு இல்லாமலே கட்டணம் கழியும். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் கரண்டும் டவரும் நாள்கணக்கில் இல்லாமல் இருந்ததை நினைத்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடுகிற மிஷினும் இப்படி ஒரு கார்டும் இருந்தால், சர்வரைக் கேட்காமல் வேலை நடக்கும். ஆனால் கார்டைத் தொலைத்தால் அதிலுள்ள காசையும் தொலைத்ததாகத்தான் கணக்கு.

புதுப் பாஸ்போர்ட்டில் சிப் வைக்கிறார்களாம். துபாய்க்குப் போக என் பழையதை மாற்ற வேண்டும் என்கிறார் ஏஜெண்ட். (வாசகர், நாகப்பட்டினம்)

இ-பாஸ்போர்ட் வந்திருப்பது உண்மை. முன்னட்டையில் ஒரு சிறு தங்க நிறக் குறி இருக்கும். புகைப்படமும் விவரங்களும் அரசின் மின் கையொப்பத்தோடு சிப்பில் இருப்பதால், படத்தை மாற்றி ஒட்டும் மோசடி எடுபடாது. பக்கத்தைத் திறந்து கீழே உள்ள இரண்டு வரிகளைப் படித்தால்தான் சிப் பேசும், மூடிய பாஸ்போர்ட்டை யாரும் தூரத்திலிருந்து படிக்க முடியாது. ஆனால் சிப் இல்லை என்பதற்காக உங்கள் பழையதை மாற்ற வேண்டியதில்லை, காலாவதித் தேதி வரை அது செல்லும். எத்தனை மாதம் மீதி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஏஜெண்டுக்கு இதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.