சிறிய அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்திருக்கிறேன். எந்த மென்பொருள்களை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம்?

சிங்கப்பூரின் ஊபி வட்டாரத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஒரே ஐடி ஆளாகச் சேர்ந்திருப்பதாகவும், எல்லாம் விண்டோஸ் கணினிகள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கே சிங்கப்பூரில் இதே வேலைதான் பார்க்கிறேன். நீளமான பட்டியல் தரப்போவதில்லை. எதை இறக்குகிறீர்கள் என்பதைவிட எங்கிருந்து இறக்குகிறீர்கள் என்பதில்தான் ஆபத்து அதிகம்.

முதலில் சிஸ்இன்டர்னல்ஸ், விண்டோஸின் உள்ளே நடப்பதைப் பார்க்க உதவும் சிறு டூல்களின் தொகுப்பு. 1996-இல் மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கியது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகும் இலவசமாகத்தான் இருக்கிறது. அதில் எனக்குச் சோறு போடுவது ப்ராசஸ் மானிட்டர்; ஒரு மென்பொருள் எந்தக் கோப்பை, எந்த அமைப்பைத் தொடுகிறது என்று காட்டும். எந்த அலுவலகத்திலும் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று இருக்கும்; அட்மின் உரிமை கொடுத்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும். பலர் அலுத்துப்போய் அந்த உரிமையைக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்காதீர்கள். ப்ராசஸ் மானிட்டரைத் திறந்து, அந்த மென்பொருளின் பெயரையும் 'ஆக்சஸ் டினைட்' என்ற விடையையும் ஃபில்டராக வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஃபோல்டரோ ஒரு ரெஜிஸ்ட்ரி கீயோதான் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவு) தடையாக இருக்கும். அதற்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதும். அதே தொகுப்பில் உள்ள ஆட்டோரன்ஸும் கைகொடுக்கும்: மைக்ரோசாஃப்டின் பதிவுகளை மறைத்துவிட்டுப் பார்த்தால், கணினி தொடங்கும்போதே கூடவே ஏறிக்கொள்ளும் வேண்டாத விருந்தாளிகள் தெரிவார்கள்.

அப்புறம் புட்டி, தொலைவில் உள்ள சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் மென்பொருள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைக் கிளிக் செய்யவே செய்யாதீர்கள். புட்டி, வின்எஸ்சிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் மென்பொருள்) பெயர்களில் போலி விளம்பரம் போட்டு, அட்மின்களையே குறிவைத்து வைரஸ் பரப்பியிருக்கிறார்கள். அட்மின் கணினி கிடைத்தால் மொத்த அலுவலகமும் கிடைத்த மாதிரிதானே! புட்டி டாட் ஆர்க் என்ற முகவரிகூட புட்டியை எழுதிய சைமன் டாத்தமுடையது அல்ல. ஏற்கெனவே வைத்திருந்தால் பதிப்பைப் பாருங்கள். 0.68 முதல் 0.80 வரையிலான பதிப்புகளில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக பி-521 என்ற வகை டிஜிட்டல் சாவியைப் பயன்படுத்தியிருந்தால், 0.81-க்கு மாறினால் மட்டும் போதாது, சாவியையே மாற்ற வேண்டும். உண்மையில் 2018 முதல் விண்டோஸ் 10-இலேயே இதே வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எச் வருகிறது. எளிய வேலைக்கு அதுவே போதும்.

கோப்புகளைச் சுருக்கும் செவன்-ஜிப், எழுத்துகளைத் திருத்தும் நோட்பேட் பிளஸ் பிளஸ், நெட்வொர்க் போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க் எல்லாவற்றையும் நிறுவ, விண்டோஸின் விங்கெட் கட்டளையைப் பழகிக்கொள்ளுங்கள். அது ஹேஷையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) தானே சரிபார்க்கும். செவன்-ஜிப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளாது என்பதால் இது இன்னும் முக்கியம். கையால் இறக்கினால், பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் போட்டு, மென்பொருளை எழுதியவரின் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நெட்வொர்க்கில் என்னென்ன கணினிகள் இருக்கின்றன என்று துருவிப் பார்க்கும் என்மேப் நல்ல டூல்தான். ஆனால் உங்கள் நெட்வொர்க்கில் மட்டும், அதுவும் மேலாளரிடம் மின்னஞ்சலில் அனுமதி வாங்கிய பிறகு. பக்கத்து அலுவலகத்தின் வைஃபையைத் துருவினால், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இங்கே இருக்கிறது.

கடைசியாக லைசென்ஸ். தொலைவிலிருந்து வேறு கணினியை இயக்க உதவும் டீம்வியூவரின் இலவசப் பதிப்பு சொந்த உபயோகத்துக்கு மட்டும், அலுவலகத்துக்கு ஆகாது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டோக்கர் டெஸ்க்டாப், 250 பேருக்குக் குறைவாகவும் ஆண்டு வருமானம் 1 கோடி அமெரிக்க டாலருக்குக் குறைவாகவும் உள்ள நிறுவனங்களுக்கு இலவசம். இறக்குவதற்கு முன் லைசென்ஸ் பக்கத்தை ஒருமுறை படித்துவிட்டு, காசு தேவைப்பட்டால் முதலாளியிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.