மூன்று படிக்குப் பதினெட்டு அடி

கொட்டாஞ்சேனை வாசகர்: எங்கள் தெருவில் புதிதாகக் கட்டிய மருந்துக்கடைக்கு மூன்று படி. அம்மா சக்கர நாற்காலியில். "இது தனியார் கட்டடம், மாற்றுத்திறனாளிகளுக்கு வழி வைக்கச் சொல்லும் சட்டம் அரசாங்கக் கந்தோருக்குத்தான்" என்கிறார் முதலாளி. அப்படியா?

அப்படி இல்லை. 2006ஆம் ஆண்டு இலங்கை வர்த்தமானியில் வந்த அணுகல் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடம், பொது இடம், பொதுச் சேவை கிடைக்கும் இடம் எல்லாவற்றையும் பிடிக்கும். அவகாசம் கொடுத்தது பழைய கட்டடங்களுக்கு. புதுக் கட்டடத்துக்கு அந்தச் சாக்கும் இல்லை. கட்ட அனுமதி கொடுத்த மாநகர சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கவனம். முறைப்பாடு போனதும் கடைக்காரர் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொள்வார். சாய்தளத்துக்கு ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படி சுமார் ஒன்றரை அடி உயரம், ஆக பதினெட்டு அடி. அதற்குக் குறைந்தால் அது சறுக்குமரம்.

வெள்ளவத்தை: அப்பாவுக்குப் பார்வை போய்விட்டது. வாக்களிக்க நான் கூடப் போகலாமா?

போகலாம். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல் சட்டம் அதற்காகவே வந்தது. உங்களுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், வேட்பாளராகவோ கட்சியின் முகவராகவோ இருக்கக்கூடாது. தகுதிச் சான்றிதழ் படிவம் கிராம உத்தியோகத்தரிடம் கிடைக்கும். வைத்தியரின் உறுதிப்படுத்தலும் வேண்டும். வாக்களிப்புக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு இவர்களைத் தேடி ஓடாதீர்கள்.

மட்டக்குளி: அரசாங்க வேலையில் மாற்றுத்திறனாளிகளான எங்களுக்கு மூன்று வீத ஒதுக்கீடாம். எனக்கு ஒன்று எடுத்துத் தர முடியுமா?

நான் வேலை கொடுக்கும் ஆள் இல்லை, தம்பி. என்ன படித்தீர்கள், எதற்கு விண்ணப்பித்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் சொல்வது 1988இல் வந்த 27/88 சுற்றறிக்கை. சுற்றறிக்கை சட்டம் அல்ல, அதனால்தான் இத்தனை வருடமாக அதை மேசைக்குள் வைத்துப் பூட்ட முடிகிறது. நீங்கள் விண்ணப்பித்த திணைக்களத்திடம் 2016ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்: கடந்த ஐந்து வருடத்தில் இந்த ஒதுக்கீட்டில் எத்தனை பேரை எடுத்தீர்கள்? தருவார்களா மாட்டார்களா என்பதைப் 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெமட்டகொடை: போன வருடம் ஒரு அரச அலுவலகத்தில் அவமானப்படுத்தினார்கள். அடிப்படை உரிமை மனு போடலாமா?

காலம் போய்விட்டது. சம்பவம் நடந்து ஒரு மாதம்தான். எத்தனை தடவை எழுதிவிட்டேன்! அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஒரு மாதம், ஒரு மாதம்.

பம்பலப்பிட்டி, ஓய்வுபெற்ற அதிகாரி: நீங்கள் எழுதுவதை விரும்பி வாசிப்பவன். ஆனால் மாற்றுத்திறனாளிகளை ஏன் ஆர்ப்பாட்டம், அரசியல் என்று இழுக்கிறீர்கள்? சாக்கடை அது. மக்களிடம் இருக்கும் இரக்கத்தையும் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்.

ஐயா, இந்தக் கடிதம் மாதம் ஒன்றாவது வருகிறது. கையெழுத்து மட்டும் மாறும்.

இரக்கத்தின் கணக்கை நான் அறிவேன். தேர்தல் நெருங்கினால் சக்கர நாற்காலி வரும். மேடை, மாலை, புகைப்படம். உட்காருபவரின் இடுப்பளவை யாரும் எடுப்பதில்லை. ஒல்லியான பிள்ளைக்குப் பெரியவர் நாற்காலி கொடுத்து, முதுகு வளைந்ததைக் கண்டிருக்கிறேன். நான் ஊன்றுகோலோடு போன ஒரு கந்தோரில் சாய்தளம் இருந்தது, அழகான சாய்தளம். அதன் மேல் வரிசையாகப் பூச்சாடி வைத்திருந்தார்கள்.

நம் அரசியலமைப்பின் 12(2)ஐ எடுத்துப் பாருங்கள். இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது. இயலாமை அந்தப் பட்டியலில் இல்லை. 12(4)இல் வருகிறோம், பெண்களோடும் பிள்ளைகளோடும், விசேட ஏற்பாடு செய்வதைத் தடுக்கமாட்டோம் என்ற அளவில். அந்தப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கப் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டும். இரக்கத்தால் மூன்றில் இரண்டு கிடைக்குமா?

1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைச் சட்டம் வந்தது, 2006இல் ஒழுங்குவிதி வந்தது, படிகள் அப்படியே இருந்தன. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் போன பிறகுதான், 2011 ஏப்ரலில், புதிய பொதுக் கட்டடங்கள் விதிப்படி இருந்தாக வேண்டும் என்ற கட்டளை வந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 1973இல் சட்டம், நான்கு வருடம் விதிகளில் கையொப்பம் இல்லை. 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசாங்கக் கட்டடத்துக்குள் போய் உட்கார்ந்து, மூன்றரை வாரம் எழும்பவில்லை. தொலைபேசியை அதிகாரிகள் வெட்டினார்கள், காது கேளாதவர்கள் யன்னலால் கைமொழியில் செய்தி அனுப்பினார்கள். சுடச்சுடச் சாப்பாடு கொண்டு வந்தது கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சி. நீங்கள் சாக்கடை என்பீர்களே, அந்த அரசியல்தான். மாதம் முடியமுன் கையொப்பம் விழுந்தது.

2024இல் பார்வையற்ற ஒருவர், சுகத் வசந்த த சில்வா, முதல்தடவையாக நம் பாராளுமன்றத்துக்குப் போனார், தேசியப் பட்டியலில். மகிழ்ச்சி. ஆனால் 2012 கணக்கெடுப்பில் நாங்கள் ஏறத்தாழ 16 இலட்சம் பேர். 225 பேரில் ஒருவர் போதுமா என்று நீங்களே கணக்குப் பாருங்கள், அதிகாரியாக இருந்தவர்தானே.

கட்சியில் சேருங்கள் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. வாக்குக் கேட்டு வருபவரிடம் வாசலிலேயே கேளுங்கள்: உங்கள் கட்சிக் கந்தோருக்கு எத்தனை படி?

கிருலப்பனை: மாற்றுத்திறனாளி, வலுவிழந்தவர், விசேட தேவையுடையவர், எது சரி?

எதிரில் இருப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தன் பெயரைச் சொல்லுவார்.

மருதானை: "பெரிய அநியாயம் நடந்தது. உடனே நடவடிக்கை எடுக்கவும்."

எங்கே? எந்தத் திகதி? யார் செய்தது? இவ்வளவும் எழுதி மறுபடி அனுப்புங்கள், ஒரு மாதம் முடிவதற்குள்.