முள்ளை விழுங்கிய மீனும், வாங்கக் கூடாத ரெடிமேட் ரிக்கும்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில்தான் கரையிலிருந்து ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற கடல்மீன் பிடிக்கத் தொடங்கினேன். எதுவும் தெரியாது என்று கடையில் சொன்னதும் ரெடிமேட் ரிக் (முள்ளும் நரம்பும் சேர்த்துக் கட்டியே வரும் தூண்டில் அமைப்பு) பாக்கெட்டுகளும் ஒரு பெட்டி லூரும் (செயற்கை இரை) எடுத்துக் கொடுத்தார்கள். சாண்டி ஹூக் கடற்கரையில் பங்கர் என்ற இரைமீனின் துண்டு போட்டதில் பெரிய மீன் மாட்டியது. ஆனால் தூண்டில் முள் தொண்டைக்குள் போயிருந்தது. அளந்தால் 33 அங்குலம், அனுமதித்த அளவுக்கு மேல் என்பதால் விட்டாக வேண்டும். பிடுங்கி எடுத்து விட்டேன், ரத்தம் நிறைய வந்தது. அது பிழைத்திருக்குமா? ரிக்கில் என்ன தவறு? லூருக்கும் சர்க்கிள் ஹூக் (முனை உள்பக்கம் வளைந்த வட்ட முள்) கட்டாயம் என்கிறார் நண்பர், உண்மையா?

பதில்: முதல் கேள்விக்கு மனம் கோணாமல் பதில் சொல்ல முடியாது. தொண்டையிலோ செவுளிலோ கிழிந்து ரத்தம் கொட்டிய மீன் பிழைப்பது அரிது. பிடித்து விடப்படும் ஸ்ட்ரைப்டு பாஸில் 9 சதவீதம் செத்துப்போகும் என்பதுதான் இந்த மீனை நிர்வகிக்கும் அட்லாண்டிக் மாநிலங்களின் கடல்மீன் ஆணையம் வைத்திருக்கும் கணக்கு. அது எல்லா மீனுக்குமான சராசரி. உதட்டில் மாட்டிய மீன் அதில் பிழைக்கிற பக்கம், தொண்டையில் மாட்டியது சாகிற பக்கம். அடுத்த முறை முள் உள்ளே போயிருந்தால் பிடுங்காதீர்கள். முள்ளின் காதுக்கு அருகிலேயே தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு மீனைத் தண்ணீரில் விடுங்கள். அரை டாலர் முள்ளுக்காக விரலை விட்டுக் குடைவதில்தான் பல மீன்கள் சாகின்றன.

இனி ரிக். உங்களிடம் மிச்சமிருக்கும் பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்து, முள்ளை மேஜை மேல் படுக்க வையுங்கள். முள் முழுக்கத் தட்டையாகப் படிந்தால் சரி. முனை மேஜையை விட்டு ஒரு பக்கமாகத் தூக்கி நின்றால், அது ஆஃப்செட் முள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது தூக்கித்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். 2021 முதல் இரை போட்டு ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்கள் சர்க்கிள் ஹூக்தான் கட்ட வேண்டும், அதுவும் ஆஃப்செட் இல்லாததாக, முனை தண்டை நோக்கிச் செங்குத்தாகத் திரும்பியதாக இருக்க வேண்டும் என்று விதி. அட்டையில் ‘சர்க்கிள்’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். ‘ஆஃப்செட்’ என்பது மூலையில் பொடி எழுத்தில் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. வேறு மீனுக்கு ஆஃப்செட் முள் செல்லும் என்பதால் கடைக்காரர் அதை விற்பதில் சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ஸ்ட்ரைப்டு பாஸ் படம் போட்ட அட்டையில் அதை மாட்டி விற்பதை யாரும் தட்டிக்கேட்பதில்லை. விதியை மீறினால் அபராதம் கரையில் நிற்கிறவருக்கு, விற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டைப் பார்த்து எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆஃப்செட் முள் ஏன் ஆகாது? மீன் இரையை வாயில் வாங்கிக்கொண்டு திரும்பி நீந்தும். நரம்பு இறுகும்போது சர்க்கிள் முள் தொண்டையிலிருந்து வழுக்கி வெளியே வந்து, வாயோரத்தில் வரும்போது தானாகச் சுழன்று தாடை மூலையில் ஏறும். முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வழுக்காது, வழியில் எங்கே சதை கிடைக்கிறதோ அங்கே குத்திக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். இதில் உங்கள் பங்கும் ஒன்று இருக்கிறது. நரம்பைத் தொய்வாக விட்டுவிட்டு, மீன் நன்றாகத் தின்னட்டும் என்று காத்திருந்தால் நல்ல முள்ளும் வயிற்றுக்குள் போகும். ஆகவே நரம்பு எப்போதும் விறைப்பாக இருக்கட்டும். கோல் வளைந்து இழுபடத் தொடங்கியதும் வெட்டி இழுக்காதீர்கள். ஊரில் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம், கை தானாக மேலே போகும். வெடுக்கென்று இழுத்தால் முள் வாயிலிருந்து வெறுமனே வெளியே வந்துவிடும். ரீலைச் சீராகச் சுற்றிக்கொண்டே கோலை மெல்லத் தூக்குங்கள், போதும்.

கட்ட வேண்டியது ஒரே ஒரு ரிக். அதற்கு ஃபிஷ் ஃபைண்டர் என்று பெயர். பிரதான நரம்பில் முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவை (சிறு குழல்) கோர்த்துக்கொள்ளுங்கள், அதன் கொக்கியில் ஈயக்குண்டு தொங்கும். அடுத்து ஒரு பாசிமணி. அதற்குக் கீழே பேரல் ஸ்விவல், அதாவது நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு. ஸ்விவலின் மறுமுனையில் 40 அல்லது 50 பவுண்டு மோனோ (ஒற்றை இழை) நரம்பில் லீடர் எனும் கடைசித் துண்டு, அதன் நுனியில் முள். மீன் இரையை எடுத்துக்கொண்டு போகும்போது நரம்பு ஸ்லீவுக்குள் ஓடும், குண்டின் பாரம் மீனுக்குத் தெரியாது. மணலில் நிற்க பிரமிடு குண்டு, நீரோட்டத்தைப் பொறுத்து 3 முதல் 6 அவுன்ஸ் வரை. லீடரின் நீளத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். பாக்கெட் ரிக்கில் மூன்றடி, நான்கடி வரை தொங்கும். குண்டிலிருந்து முள் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நேரம் மீன் எதையும் உணராமல் விழுங்கிக்கொண்டிருக்கும். ஒன்றரை அடி வையுங்கள். பங்கர் துண்டுக்கு 8/0 அளவு முள், மட்டிச் சதைக்கும் புழுவுக்கும் 5/0 அல்லது 6/0.

முள்ளை லீடரில் ஸ்னெல் முடிச்சாகக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். கரையில் புதியவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான். நரம்பு நுனியை முள்ளின் காதுக்குள், முனை இருக்கும் பக்கத்திலிருந்து நுழைக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து அல்ல. நுழைத்த நரம்பைத் தண்டோடு சேர்த்துப் படுக்க வைத்து, ஏழெட்டுச் சுற்று ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சுற்றி, எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். கட்டி முடித்ததும் பாருங்கள்: நரம்பு காதிலிருந்து முனை இருக்கும் பக்கமாக வெளியே வர வேண்டும். பின்பக்கமாக வந்தால் மாற்றிக் கட்டியிருக்கிறீர்கள், அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள்.

இரை கோர்ப்பதில் ஒரே விதி: முள்ளின் வாய் திறந்திருக்க வேண்டும். பங்கரை வாலை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு விரல் அகலத்துக்குக் குறுக்காக நறுக்குங்கள். முதுகுப் பக்கத்து மேல்விளிம்பில், தோலும் சதையும் கெட்டியாக இருக்கும் இடத்தில், ஒரே ஒரு தடவை குத்தி வெளியே எடுங்கள். முனையும் வளைவும் முழுவதும் வெளியே தெரிய வேண்டும். மல்லிகைச் சரம் மாதிரி முள் முழுக்கச் சதையைக் கோர்த்து மறைத்தால் சர்க்கிள் ஹூக் சுழல இடமே இல்லை. தலைத்துண்டை வீசிவிடாதீர்கள், நண்டுகள் சுலபத்தில் உரிக்க முடியாத துண்டு அதுதான். தாடைக்கு அடியில் குத்தி மேலே எடுத்தால் நிற்கும். மட்டி மென்மையானது. புயலுக்குப் பிறகு அலை மட்டியைக் கரையில் ஒதுக்கும் நாட்களில் அதைவிட நல்ல இரை இல்லை. ஆனால் மெல்லிய எலாஸ்டிக் நூலால் கட்டாவிட்டால் வீசும்போதே பறந்துவிடும். உயிர் விலாங்கு இரவுக்கானது, கீழ்த்தாடையில் கோர்ப்பது. 2011-இல் லாங் ஐலண்ட் சவுண்டில் பிடிபட்ட 81 பவுண்டு 14 அவுன்ஸ் உலக சாதனை மீன் விலாங்குக்குத்தான் மாட்டியது. நீங்கள் இன்னும் ஒரு பருவம் கழித்து அதற்கு வாருங்கள்.

பங்கர் வாங்கும்போது கண்ணைப் பாருங்கள், செவுளைத் தூக்கிப் பாருங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக இருந்தால் வாங்கலாம். பலமுறை உருகி உறைந்து பழுப்பேறிய பொட்டலத்தை ‘இதற்குத்தான் நாற்றம் தூக்கும், மீன் வரும்’ என்று தள்ளிவிடுவார்கள். நறுக்கும்போதே கூழாகும் அந்தச் சதையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

இன்னொரு பொறி. கரையருகே பங்கர் கூட்டம் வரும்போது ஈயம் வார்த்த மும்முனை முள்ளை வீசி, ஒன்றைக் குத்தி இழுத்து, அப்படியே மூழ்க விட்டு, அதே முள்ளில் ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பவர்களைப் பார்ப்பீர்கள். காலங்காலமாக இப்படித்தான் என்று உங்களுக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். பங்கரைக் குத்திப் பிடிக்கலாம். ஆனால் அதைக் கரைக்குக் கொண்டுவந்து சர்க்கிள் ஹூக்குக்கு மாற்றித்தான் மறுபடி விட வேண்டும். படகில் கூட்டிப்போகிறேன் என்பவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: எவ்வளவு தூரம்? கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால் கூட்டாட்சிக் கடல். அங்கே ஸ்ட்ரைப்டு பாஸ் பிடிப்பது 1990 முதல் தடை. கேப்டன் சொன்னார் என்பது அதிகாரியிடம் எடுபடாது. நியூ ஜெர்சியின் கடல் மீன்பிடிப்புப் பதிவுக்கும் யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். மாநிலமே இலவசமாகத் தருகிறது.

லூருக்கு வருவோம். நண்பர் சொன்னது தவறு. வெறும் லூருக்கு சர்க்கிள் ஹூக் தேவையில்லை. குழப்பம் எங்கே வருகிறதென்றால், லூரில் இரையையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதில். ஆணையத்தின் விதியில் இரை என்றால் கடலிலோ நீரிலோ வாழும் எந்த உயிரும், உயிரோடோ செத்தோ, முழுதாகவோ துண்டாகவோ. அடுத்த வரியிலேயே ‘இரை சேர்த்த செயற்கை லூருக்கு இது பொருந்தாது’ என்று விலக்கு. இந்த விலக்கு முக்கியமாக டியூப் லூர் ஆட்களுக்காக வந்தது. வளைந்த ரப்பர் குழாயின் வால் முள்ளில் ஒரு கடற்புழுவைக் கோர்த்துப் படகின் பின்னால் மெதுவாக இழுப்பார்கள். வேலை செய்வது குழாய், புழு வாசனைக்கு மட்டும். இழுபட்டுக்கொண்டே இருப்பதால் மீன் விழுங்க நேரமில்லை, வாயோரத்தில்தான் மாட்டும். மாசசூசெட்ஸ் தன் விதியில் இழுத்துப் போகவும், வீசிச் சுற்றவும், மேலும் கீழும் ஆட்டவும் செய்யப்பட்ட லூர் என்று விளக்கியே எழுதியிருக்கிறது. அந்த விளக்கத்தைப் பிடித்துக்கொண்டால் குழப்பமில்லை: அசைந்துகொண்டே இருப்பது லூர், கிடப்பது இரை. ஈயத்தலை வைத்த ஜிக் முள்ளில் பங்கர் துண்டைக் குத்தி, மணலில் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ‘இது லூர்’ என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லை வைத்துப் பார்த்தால் தப்பிக்கலாம். மீன் அதை விழுங்கத்தான் போகிறது. நீங்கள் அந்த வேலைக்குப் போகாதீர்கள். பக்டெயிலில் (ஈயத்தலையில் மான்வால் முடி கட்டிய லூர்) சதைப் பட்டையைத் தொங்கவிட்டு வீசிச் சுற்றினால் தாராளமாகச் செய்யுங்கள்.

கடைப்பெட்டியில் இருபது லூர் இருக்கலாம். மூன்று போதும்: ஒன்றிலிருந்து இரண்டு அவுன்ஸ் வரை பக்டெயில் ஜிக், ஏழெட்டு அங்குல மென்ரப்பர் லூர், சிறுமீன் வடிவில் நீந்தும் கெட்டி லூரான மின்னோ பிளக் ஒன்று. மிச்சமெல்லாம் பெட்டிக்குப் பெட்டி விற்க வைத்திருப்பவை. மூன்றையும் லீடர் நுனியில் வலுவான சிறு கிளிப்பில் மாட்டுங்கள். ஸ்விவல் லீடரின் மேல் முனையில் இருக்கட்டும். பாக்கெட்டோடு வரும் பெரிய ஸ்னாப் ஸ்விவலை பிளக்கின் மூக்கில் மாட்டினால் அதன் ஆட்டமே போய்விடும்.

மென்ரப்பர் லூரைக் கோர்ப்பதுதான் புதியவர்களுக்கு வழுக்கும் இடம். முள்ளை ரப்பரின் பக்கத்தில் வைத்து, வளைவு எங்கே வரும் என்று பார்த்து, அந்த இடத்தை நகத்தால் கீறிக்கொள்ளுங்கள். மூக்கின் நடுவில் நுழைத்து, நேராகத் தள்ளி, கீறலில் வெளியே எடுங்கள். முன்னும் பின்னும் ஒரு நூல் அளவு தவறினாலும் ரப்பர் கூன் விழும். கூன் விழுந்தால் தண்ணீரில் சுழலும், நரம்பு முறுக்கேறிச் சிக்கலாகும். காலடியில் இழுத்துப் பார்த்துவிட்டு வீசுங்கள்.

மின்னோ பிளக்கில் இரண்டு மூன்று மும்முனை முட்கள் தொங்கும். விதிப்படி அவை செல்லும். ஆனால் துள்ளும் மீனின் கண்ணையும் உங்கள் கையையும் கிழிப்பவை அவைதான். ஏறக்குறைய அதே எடையுள்ள ஒற்றை முள்ளாக மாற்றுங்கள், எடை குறைந்தால் பிளக் சரியாக நீந்தாது. முனைக்குப் பின்னால் இருக்கும் சிறு கொடுக்கைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பை விறைப்பாக வைத்திருந்தால் மீன் கழன்றுகொள்ளாது.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், உங்களுடைய 33 அங்குல மீன் 2022-இல் என்றால் வீட்டுக்கு வந்திருக்கும். அப்போது நியூ ஜெர்சியில் 28 முதல் 38 அங்குலத்துக்குள் இருந்தால் எடுக்கலாம். 2023-இல் அவசர முடிவாக மேல்வரம்பை 31-க்கு இறக்கினார்கள். 2019 முதல் செசபீக் விரிகுடாவின் மேரிலாண்ட் பகுதியில் குஞ்சுகளின் எண்ணிக்கை வருடா வருடம் மோசமாக இருப்பதால் இறக்கியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்று அங்குல இடைவெளி என்றால் பிடிக்கிற மீனில் பெரும்பாலானவற்றைத் திருப்பி விட்டாக வேண்டும். அப்படியானால் எப்படி விடுவது, எந்த முள் என்பதைக் கடை வாசலிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாமா? அறிக்கைக்கு மேல் அறிக்கை, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு பக்கம், வருடத்துக்கு ஒரு திருத்தம். வேலை முடித்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடற்கரைக்கு வருகிறவர் எதைப் படிப்பார்? நீங்கள் கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிடுங்கள்.

வாங்கிய பாக்கெட்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஸ்லீவ், மணி, ஸ்விவல் எல்லாம் நன்றாகவே இருக்கும். லீடரை அறுத்துவிட்டு ஒன்றரை அடிக்குப் புதிதாகக் கட்டி, மேஜையில் தட்டையாகப் படியும் 8/0 முள்ளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வசந்த காலத்தில் ராரிட்டன் விரிகுடாவுக்குள் மீன் வரத் தொடங்கும், அதற்குள் வீட்டில் உட்கார்ந்து பத்து ஸ்னெல் முடிச்சுப் போட்டு வைத்துவிடலாம்.